அவன் என்ன பாவிக்கிறான் என்று முதலில் கேளுங்கள்: போதைப் பிரச்சினையில் குடும்பங்கள் விடும் தவறுகள்

திருகோணமலையில் ஒரு வீட்டுப் பெடியன் போதையில் மாட்டிக்கொண்டான் என்று தெரியவந்தால் அன்று இரவே வீட்டில் ஒரு மாநாடு கூடும். நாலு சாத்து சாத்தினால் சரியாகிவிடும் என்பார் பெரியப்பா. பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வையுங்கோ என்பார் மாமி. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் ஓதிப் பார்க்கச் சொல்வார்கள். கனடாவில் இருக்கிற சித்தப்பா வட்ஸ்அப்பில் வந்து, காசு நான் அனுப்புறன், எங்கேயாவது ஆறு மாதம் போட்டுவிடுங்கோ என்று முடித்து வைப்பார். பெடியன் என்ன பாவிக்கிறான், எவ்வளவு காலமாக, கடைசியாக எப்போது எடுத்தான் என்று அந்தக் கூட்டத்தில் அநேகமாக ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். வைத்தியர் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

ஏனென்றால் ஹெரோயினை விடுவது வேறு, ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமினை விடுவது வேறு, சாராயத்தை விடுவது முற்றிலும் வேறு. ஹெரோயின் பாவித்தவருக்குக் கடைசியாக எடுத்து 8 முதல் 24 மணி நேரத்துக்குள் மூக்கு ஒழுகும், உடம்பெல்லாம் நோகும், வாந்தியும் வயிற்றோட்டமும் வரும். இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கும். பார்க்கிறவர்களுக்கு ஆள் செத்துவிடுவார் போலிருக்கும், ஆனால் உடம்பில் வேறு வருத்தம் இல்லாத ஒருவருக்கு, தண்ணீர்ச்சத்து குறையாமல் பார்த்துக்கொண்டால், உயிர் போவது அரிது. ஐஸ் அப்படிக் கத்த வைக்காது. விட்டவர் நாள்கணக்கில் தூங்குவார், அசுரப் பசி, பிறகு எதிலும் பிடிப்பில்லாத மனச்சோர்வு. தற்கொலை எண்ணம் வருவது இந்தக் கட்டத்தில்தான், வீட்டார் 'அப்பாடா, அமைதியாகிவிட்டான்' என்று நிம்மதியாக இருப்பதும் இதே கட்டத்தில்தான். பாவிக்கும் காலத்தில் யாரோ பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமும் காதில் குரல் கேட்பதும் உண்டு. அதைப் பேய் என்று நினைத்து நூல் கட்ட அலையும்போது நல்ல வாரங்கள் வீணாகப் போகின்றன.

சரி, சாராயமும், கள்ளமாகக் காய்ச்சும் கசிப்பும்? அது குடிதானே, தூள் இல்லையே என்று வீட்டார் ஆறுதல் படுகிறார்கள். ஆனால் திடீரென்று நிறுத்தினால் உயிரையே எடுக்கக்கூடியது அதுதான். வருடக்கணக்காகத் தினமும் நிறையக் குடித்த ஒருவரை அறையில் பூட்டி வைத்தால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் நடுக்கம், காய்ச்சல், இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவது, ஆள் தெரியாமல் பிதற்றுவது என்று போய் மரணத்திலும் முடியலாம். நித்திரைக் குளிசைகளும் இதே ரகம், திடீரென்று நிறுத்தக்கூடாது. இவர்களை வைத்தியசாலையில் வைத்து, மருந்தோடு கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும்; குடிகாரருக்கு வைட்டமின் பி1-உம் அவசியம். ஆகவே அறையைப் பூட்டும் வேலையை விட்டுவிடுங்கள்.

அடுத்தது, உடம்பு தெளிந்தால் நோய் தீர்ந்தது என்று நினைப்பது. பத்து நாளில் உடம்பிலிருந்து ஹெரோயின் போய்விடும், ஆசை போகாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. சில வாரங்கள் பாவிக்காமல் இருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. புனர்வாழ்வு நிலையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வந்தவர் பழைய கூட்டாளியைச் சந்தித்து, பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் இதில் மிக ஆபத்தானவை. நம் வீடுகளில் அந்த நேரத்தில்தான் 'திருந்திட்டான்' என்று சொல்லிக் கையில் காசும் மோட்டார் சைக்கிள் சாவியும் கொடுப்பார்கள்.

'எங்கேயாவது போட்டுவிடுங்கோ' என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் 2007-ஆம் ஆண்டின் 54-ஆம் இலக்கச் சட்டம் விரும்பி வருபவருக்கும், கட்டாயத்தின் பேரில் அனுப்பப்படுபவருக்கும் சிகிச்சைக்கு வழி செய்கிறது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தின் பெயர் எல்லாருக்கும் தெரியும். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததையடுத்து நூற்றுக்கணக்கானவர்கள் தப்பி ஓடிய செய்தியும் ஞாபகம் இருக்கும். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடி, விருப்பத்தோடு வரும் சிகிச்சையைக் கொடுங்கள் என்று ஐ.நா.வின் 12 அமைப்புகள் 2012-இலேயே கூட்டாகக் கேட்டிருந்தன. வீட்டில் மகனின் அடி தாங்க முடியாமல் தவிக்கும் தாய்க்கு இதையெல்லாம் சொல்வது எனக்குச் சுலபம் என்பதும் தெரியும். ஆனாலும் உடற்பயிற்சியும் தண்டனையும் சிகிச்சை ஆகாது.

அப்புறம், இது நோயா, கெட்ட பழக்கமா, சூழலா என்று ஒரே கட்சியில் நின்று வாதாடுவது. 1997-இல் அமெரிக்க ஆய்வாளர் அலன் லெஷ்னர் அடிமைத்தனம் மூளை நோய் என்று எழுதியபின் அந்தப் பார்வை உலகமெங்கும் பரவியது. அதனால் வெட்கம் குறைந்தது நல்லது, ஆனால் 'நோய் என்றால் ஒரு குளிசை கொடுத்து மாற்றுங்கள் டொக்டர்' என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்தது. ஐஸுக்கு அப்படி அங்கீகரிக்கப்பட்ட குளிசை இன்றுவரை இல்லை, அதில் பேச்சுவழிச் சிகிச்சையும் நடத்தைச் சிகிச்சையும்தான் கை கொடுக்கின்றன. ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்ரனோர்பின் என்ற மருந்துகள் 2005-இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. 'ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா' என்று முகம் சுளிப்பவர்கள், நீரிழிவுக்காரர் தினமும் மருந்து எடுப்பதைப் பார்த்து அப்படிச் சொல்வதில்லை.

சூழல்தான் காரணம் என்பவர்கள் வியட்நாம் போர்க் கதையைச் சொல்வார்கள். அங்கே ஹெரோயினுக்கு அடிமையாகியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களில் பெரும்பாலானோர் ஊர் திரும்பியபின் மீண்டும் அடிமையாகவில்லை என்று ஆய்வாளர் லீ ராபின்ஸ் 1970-களில் கண்டார். உண்மைதான். இதைக் கேட்டுவிட்டு, அப்படியென்றால் பெடியனைக் கத்தாருக்கு அனுப்பலாம் என்று முடிவெடுப்பவர்களைப் பார்க்கும்போதுதான் தலை சுற்றுகிறது. அந்தச் சிப்பாய்கள் போரிலிருந்து வீட்டுக்கு, சொந்தபந்தங்களிடம் வந்தார்கள். நாம் அனுப்புவதோ வீட்டிலிருந்து பிரித்து, யாரையும் தெரியாத ஒரு முகாம் அறைக்கு.

கல்யாணம் கட்டி வைத்தால் திருந்துவான் என்பதற்கு நான் பதில் எழுதப் போவதில்லை. யாரோ ஒரு பெண்ணின் வாழ்க்கை பரிசோதனைக்கூடம் இல்லை.

மீண்டும் விழுந்தால், 'செலவழித்த காசெல்லாம் போச்சு' என்று கைவிடுவதும் வழமை. சிகிச்சைக்குப் பின் 40 முதல் 60 வீதமானோர் ஒரு கட்டத்தில் மீண்டும் பாவிக்கிறார்கள் என்று அமெரிக்கத் தேசிய போதைப்பொருள் பாவனை ஆய்வு நிறுவனம் சொல்கிறது, இரத்த அழுத்தமும் ஆஸ்துமாவும் திரும்புவதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். விழுந்தவரிடம் கேட்க வேண்டியது எப்போது, யாரோடு, அதற்கு முதல் நாள் என்ன நடந்தது என்பது. சிகிச்சையை மாற்ற வேண்டிய இடம் அந்தப் பதிலில் தெரியும்.

எங்கே தொடங்குவது? திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். அங்கே போவதை யாராவது பார்த்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே அழைக்கலாம், பெடியன் வர மறுத்தாலும் பெற்றோர் மட்டும் பேசலாம். தனியார் நிலையம் என்றால் காசு கட்டும் முன் கேளுங்கள்: வைத்தியர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருவார்? வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டார் எப்போது பார்க்கலாம்? அடிப்பீர்களா? வெளியே வந்தபின் யார் தொடர்ந்து பார்ப்பது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத இடம் என்றால் காசைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடுங்கள்.