பிக்கப்புக்கு டூயல் சைலன்சர் போடணும்னா முதல்ல வண்டிக்கு அடியில படுங்க

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரி டீசல் பிக்கப் வச்சிருக்கவங்க நிறைய பேரு கேக்குறது இதுதான், பின்னாடி ரெண்டு பக்கமும் பைப் வர்ற மாதிரி சைலன்சர் மாத்துனா பவர் ஏறுமா? ஏறாதுங்க. அமெரிக்காக்காரன் போடுற டூயல் எல்லாம் வி8 பெட்ரோல் இன்ஜினுக்கு, அதுல சிலிண்டர் ரெண்டு வரிசையா இருக்கும், வரிசைக்கு ஒரு பைப்னு கடைசி வரைக்கும் தனித்தனியா போகும், அதான் நிஜ டூயல். நம்ம பிக்கப்ல நாலு சிலிண்டர், ஒரே டர்போ. மொத்த புகையும் அந்த ஒரு வாய் வழியாத்தான் வெளிய வரணும், அதுக்கப்புறம் நீங்க ரெண்டா பிரிச்சாலும் நாலா பிரிச்சாலும் இன்ஜினுக்கு ஒண்ணும் தெரியப்போறதில்ல. சத்தமும் லுக்கும் மாறும், அவ்ளோதான். அதுக்காகத்தான் போடுறேன்னு தெரிஞ்சே போட்டா தப்பே இல்ல, நானும் அந்த கட்சிதான்.

எங்க இருந்து பிரிக்கிறதுன்னு பாப்போம். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புது புகை விதி) வண்டின்னா டிபிஎஃப் (டீசல் கரிய பிடிச்சு வைக்கிற ஃபில்டர்), கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையில இருக்க நச்ச குறைக்கிற பொட்டி), அதுல சொருகியிருக்க டெம்பரேச்சர் சென்சார், பிரஷர் சென்சார், இது எதையும் தொடவே கூடாது, அதுக்கெல்லாம் பின்னாடி இருந்துதான் உங்க வேலை ஆரம்பிக்கணும். சில கடைல "டிபிஎஃப்ப கழட்டிடலாண்ணே, வண்டி பறக்கும்"னு சொல்லுவாங்க. எமிஷன் டெஸ்ட்டும் போச்சு வாரண்டியும் போச்சு, அது போதாதுன்னு செக் இன்ஜின் லைட் எரிஞ்சு லிம்ப் மோடுக்கு (இன்ஜின் தானாவே பவர குறைச்சுக்கும்) போயி கல்லட்டி 36 வளைவுக்கு நடுவுல ஏறாம நின்னுச்சுன்னா கடைக்காரர் வந்து தள்ள மாட்டாரு.

பைப் சைஸ்ல நிறைய பேரு ஏமாறுறாங்க, பெருசா போட்டா நல்லதுன்னு 2.5 இன்ச் பைப் ரெண்டு போட்டுடறாங்க. கணக்கு போட்டு பாருங்க, 2.5 இன்ச் ஒத்த பைப்போட வாய் கிட்டத்தட்ட 4.9 சதுர இன்ச், 1.75 இன்ச் ரெண்டு போட்டா 4.8, 2 இன்ச் ரெண்டு போட்டா 6.3. பிரிவுக்கு அப்புறம் 2 இன்ச் ரெண்டே தாராளம். 2.5ல ரெண்டு போட்டா 9.8 ஆயிடும், அவ்ளோ அகலத்துல புகை மெதுவா போகும், பைப் சரியா சூடாகாது, உள்ள தண்ணி கோத்துக்கும். நம்ம மலைல காலைல பனில வண்டிய எடுத்து மார்க்கெட் போயிட்டு திரும்பிடுற சின்ன ஓட்டத்துக்கு அந்த தண்ணி காயவே காயாது, பைப் உள்ளருந்தே அரிச்சிடும். சைலன்சர் பொட்டிக்கு அடியில தாழ்வான இடத்துல 3 மில்லிமீட்டர்ல ஒரு ஓட்டை போடச் சொல்லுங்க, தண்ணி வடிஞ்சிடும்.

இப்ப வண்டிக்கு அடியில படுங்க. ஒரு பக்கம் டீசல் டேங்க், நடுவுல ஷாஃப்ட், பின்னாடி ஸ்டெப்னி, ரெண்டு ஓரமும் லீஃப் ஸ்பிரிங் பட்டை, அதோட ஹேண்ட்பிரேக் கேபிள், பிரேக் லைன். கம்பெனிக்காரன் ஒரு பைப்புக்குத்தான் வழி விட்டிருக்கான், ரெண்டாவத நீங்கதான் கண்டுபிடிக்கணும். பெரும்பாலும் ஸ்டெப்னிய தாண்டித்தான் போகணும், டயர்லயிருந்து நாலு விரக்கடையாவது தள்ளி போகணும், நடுவுல ஹீட் ஷீல்டு தகடும் வேணும், ஏன்னா டிபிஎஃப் தன்னத்தானே எரிச்சு சுத்தம் பண்றப்ப உள்ள 600 டிகிரி வரைக்கும் போகும், அந்த சூடு பைப்லயும் வரும். டீசல் லைன்கிட்டயும் பைப் ஒட்டவே கூடாது. ஹவுசிங்குக்கு (பின் சக்கரம் ரெண்டையும் சேக்குற ஆக்சில் கூடு) மேல ஏறி போற வளைவுதான் ரொம்ப முக்கியம். வண்டி காலியா நிக்கிறப்ப அங்க கை நுழையிற அளவு இடம் இருக்கும், முழு லோடு கேரட் மூட்டைய ஏத்தி குழில இறக்குனா ஹவுசிங் மேல வந்து டங்குன்னு பைப்ப இடிக்கும். ஹவுசிங் எவ்ளோ மேல வரும்னு பம்ப் ஸ்டாப் ரப்பர் (ஹவுசிங் மேல வந்து முட்டி நிக்கிற ரப்பர்) இடைவெளிய அளந்தா தெரிஞ்சிடும், அதுக்கு மேல ஒரு இன்ச் சேத்து இடம் விடுங்க.

டிப், அதாவது பைப்போட கடைசி முனை, எங்க வரணும்? கீழ பாத்த மாதிரி வேணாம், பிப்ரவரி மார்ச்ல மசினகுடி பக்கம் காஞ்ச புல்லு மேல நிறுத்துனா தீ பிடிக்க வாய்ப்பிருக்கு. பம்பருக்கு உள்ளேயே முடிச்சா புகை டெயில்கேட்டுக்கு பின்னாடி சுத்தி பாடிக்குள்ளயே ஏறும், பச்சைத் தேயிலை ஏத்துற வண்டின்னா இலையில டீசல் வாடை அடிச்சு ஃபேக்டரில முகத்த சுளிப்பாங்க. பம்பர தாண்டி ஒரு இன்ச் வெளிய வந்தா போதும், அதுக்கு மேல நீட்டுனா கொண்டை ஊசி வளைவுல ரிவர்ஸ் எடுக்குறப்ப மண்ணுல குத்தும். தார்ப்பாய் கயிறு தொங்குற இடத்தையும் பாத்துக்கோங்க, நைலான் கயிறு உருகி டிப்ல ஒட்டிக்கிட்டா சுரண்டியே எடுக்கணும்.

மெட்டீரியல் எம்எஸ் (சாதா இரும்பு) வேணவே வேணாம், நம்ம மழைக்கு நிக்காது. 409 கிரேடு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டா மேல லேசா துரு கட்டும் ஆனா உழைக்கும், விலையும் பரவால்ல. காசு இருந்தா 304. இதுல ஒரு தில்லுமுல்லு இருக்கு, 202 கிரேடை 304ன்னு வித்துடுவாங்க, காந்தம் வச்சு பாத்தா ரெண்டுலயும் ஒட்டாது, அதனால பில்லுல கிரேடு எழுதி வாங்குங்க. கிரேடு டெஸ்ட் பண்ற சொட்டு மருந்து எஸ்எஸ் கடைல வச்சிருப்பாங்க, அதையும் போட்டு காட்டச் சொல்லலாம். வளைவு மேண்ட்ரல் பெண்டா (பைப்புக்கு உள்ள தாங்கு கொடுத்து வளைக்கிறது) இருக்கணும், அமுக்கி வளைச்சா அந்த இடத்துல பைப் சப்பையாயிடும். வெல்டிங் ஆர்கான் வெல்டிங்தான். மேண்ட்ரல் மெஷின் மலைல தேடி அலையிறதுக்கு கோயம்புத்தூர் இறங்கிடறது மேல்.

சத்தம் விஷயத்துல கடை வாசல்ல ஆக்சிலேட்டர மிதிச்சு கேட்டு மயங்காதீங்க. ஏத்தத்துல மூணாவது கியர்ல 1800, 2000 ஆர்பிஎம்ல லோடோட போறப்ப கேபின்ல ஒரு ம்ம்ம்ம்ன்னு இரைச்சல் வரும் பாருங்க, அதான் பரீட்சை. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வரைக்கும் அத கேட்டுக்கிட்டே வந்தா தலைவலிதான், அதனால பொட்டிக்கு முன்னாடி ஒரு ரெசனேட்டர் (அந்த இரைச்சல அடக்குற சின்ன பொட்டி) சேத்துக்கோங்க. பாறைய வெட்டுன ரோட்ல சத்தம் இன்னும் ரெண்டு மடங்கா திருப்பி அடிக்கும், முதுமலை பக்கம் போறவங்க யானைய நினைச்சாவது அடக்கி வைங்க. ஓவர் சத்தத்துக்கு மோட்டார் வாகன சட்டம் 190(2)ல முதல் தடவையே 10,000 ரூபா வரைக்கும் அபராதம், 3 மாசம் லைசென்ஸும் போகும். மஞ்ச போர்டு வண்டின்னா எஃப்சில கேள்வி வரும், கழட்டுன ஒரிஜினல் சைலன்சர இரும்பு விலைக்கு போட்டுடாதீங்க.

மாட்டி கொஞ்ச நாள் ஓட்டுனதும் ரெண்டு டிப்பையும் விரல் விட்டு தடவி பாருங்க. ஒண்ணு கரியா இன்னொண்ணு சுத்தமா இருந்தா புகை ஒரு பக்கமாத்தான் போகுது, பிரிவுல இருக்க ஒய் பைப்ப சரியா வைக்கலன்னு அர்த்தம், திருப்பி கொண்டு போங்க. கிளாம்பு நட்டெல்லாம் ஒருவாட்டி சூடாகி ஆறுனப்புறம் லூசாகும், அதையும் அப்பவே முறுக்கிடச் சொல்லுங்க. முழு லோடு ஏத்தி கீழ படுத்து ஹவுசிங் இடைவெளிய பாத்த பின்னாடி பாக்கி காச குடுங்க.