கழுத்துப் பிடிப்புக்கு அமுக்கிவிடுகிறார்களே, அது கேட்கிறதா என்று நாமே பார்ப்பது எப்படி?

முக்கூடலில் எங்கள் மைனி இருபது வருடமாகப் பீடி சுற்றுகிறார். மடியில் சொளகு, குனிந்த தலை, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதே இருப்பு. வலது தோள் கழுத்தோடு சேருகிற இடத்தில் ஒரு பிடிப்பு. முற்றினால் காதுக்குப் பின்னால் ஏறிப் பொட்டு வரை தெறிக்கும். பாளையங்கோட்டையில் ஓரிடத்தில் ட்ரிக்கர் பாயிண்ட் தெரபி என்று கையால் அமுக்கிவிட்டார்கள். எழுந்திருக்கும்போது "அப்பாடா, இறங்கிட்டு" என்றார். மறுநாள் மத்தியானம் பழைய குருடி கதவைத் திறடி. அதற்குள் பத்துத் தடவைக்கான பணத்தை மொத்தமாகக் கட்டியாகிவிட்டது!

நான் வைத்தியர் இல்லை. ஆனால் இந்த வைத்தியம் உங்கள் உடம்புக்குக் கேட்கிறதா என்பதை ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நீங்களே பார்த்துவிடலாம், அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் இது என்ன என்று கொஞ்சம். தசைக்குள் இறுகிப்போன நார் மாதிரி ஒரு பகுதி, அதில் ஓரிடத்தை அமுக்கினால் அங்கேயும் வலிக்கும், தள்ளி வேறோர் இடத்திலும் வலிக்கும். அந்த இடத்துக்குத்தான் ட்ரிக்கர் பாயிண்ட் என்று பெயர். அமெரிக்க ஜனாதிபதி கென்னடிக்கு டாக்டராக இருந்த ஜேனட் டிராவெல் இதைப் பரப்பியவர், 1983இல் டேவிட் சைமன்ஸோடு சேர்ந்து எந்தத் தசை எங்கே வலியை அனுப்பும் என்று படம் போட்டுக் கையேடே கொண்டுவந்தார். தோள் மேல்சதையிலிருந்து காதுக்குப் பின்னால் ஏறிப் பொட்டுக்குப் போகிற வலி, அதாவது மைனியின் வலி, அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த விளக்கமே நிற்காது என்று 2015இல் குவின்ட்னர், போவ், கோஹன் மூவரும் ருமட்டாலஜி என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். பழகிய கைகள் இரண்டு ஒரே ஆளைத் தடவிப் பார்த்தாலும் ஒரே இடத்தைக் காட்டுவதில்லை என்பதும் பல சோதனைகளில் வந்ததுதான். அதனால் "இதோ உருண்டை கையில தட்டுப்படுது பாருங்க" என்றால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். வலி நிஜம். உருண்டையில்தான் சந்தேகம்.

சரி, நோட்டை எடுப்பதற்கு முன் ஒன்று. கை கால் மரத்துப்போவது, பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூங்கவிடாத வலி, நெஞ்சிலிருந்து இடது கைக்கு இறங்கும் வலி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது, சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, இதில் எது இருந்தாலும் அமுக்கப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், எலும்பு தேய்ந்த ஆச்சிமாரும் டாக்டரைக் கேட்காமல் படுக்க வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்தை யாரும் அழுத்தவே விடாதீர்கள்.

இனி நோட்டு. ஒரு வாரம் எந்த வைத்தியமும் செய்யாமல் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள், நாங்களும் முதலில் தாண்டினோம். வலி தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். பொறுக்க முடியாத அன்றைக்குத்தான் நாம் வைத்தியம் தேடிப் போகிறோம், அதன்பிறகு சும்மா இருந்தாலும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், அந்தப் பேரை அமுக்கினவர் வாங்கிக்கொண்டு போவார். முந்தைய வாரக் கணக்கு கையில் இருந்தால் அப்படி ஏமாற வேண்டியதில்லை.

எதை எழுதுவது? தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண். கூடவே ஒரு வேலைக் கணக்கு, என்னைக் கேட்டால் எண்ணைவிட இதுதான் முக்கியம், ஏனென்றால் எண்ணை மனசு மாற்றிச் சொல்லும். மைனிக்கு, தோள் இழுத்துக் கையை உதறிக்கொண்டு எழுந்திருக்கும் வரை எத்தனை கட்டு முடிந்தது என்பது கணக்கு. கட்டுக்கு 25 பீடி. உங்களுக்கு அது எத்தனை குடம் தூக்கினீர்கள் என்றோ எத்தனை நிமிடம் வண்டி ஓட்டினீர்கள் என்றோ இருக்கலாம். அப்புறம், வலி மாத்திரை போட்டால் அதையும் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது வாரம் போய்ப் படுங்கள். அமுக்கும்போது "நீங்க சொல்லுற வலி இதுதானா?" என்று அவர் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லுங்கள். ஓர் இடத்தில் அரை நிமிடம், ஒரு நிமிடம் அழுத்தினால் போதும், அதுவும் மூச்சு விட்டுக்கொண்டே தாங்குகிற அளவுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தால்தான் பலிக்கும் என்பது சும்மா. கன்றிப்போனால் அது கைக்குறை. இந்த நாட்களில் புதுத் தைலம், புது மாத்திரை, புதுத் தலையணை எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்?

படுக்கையை விட்டு எழும்போது இருக்கிற சுகத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். அடுத்த ஓரிரு நாள் அந்த இடம் அடித்துப்போட்டது போல இருப்பதும் வழக்கம்தான், அதையும் விடுங்கள். மூன்றாம் நாளையும் ஏழாம் நாளையும் பாருங்கள். வலி எண் முந்தைய வாரத்தைவிடக் குறைந்தது இரண்டு இறங்கியிருக்க வேண்டும், அல்லது மூன்றில் ஒரு பங்காவது. வலி ஆய்வுகளிலும் ஏறக்குறைய இதைத்தான் அளவாக வைத்திருக்கிறார்கள். ஒன்று குறைந்ததெல்லாம் கணக்கில்லை. நாலு தடவைக்குள் இந்த அளவு வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். வந்துவிட்டால் ஒரு வாரம் போகாமல் இருந்து, நிற்கிறதா என்று பாருங்கள். கொஞ்ச நாளைக்கு ஆறுதல் கிடைப்பது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, மாதக்கணக்கில் நிற்கும் என்பதற்குச் சான்று குறைவு. அதனால் மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், ஒவ்வொரு தடவையும் கொடுங்கள்.

எங்கள் நோட்டைச் சொல்லிவிடுகிறேன். கட்டின பணத்தில் ஒன்பது தடவை மீதி இருந்தது. கொஞ்ச நாள் விட்டுப் புதிதாகத் தொடங்கினோம். வைத்தியமில்லாத வாரத்தில் மைனிக்கு வலி 6, வேலை 12 கட்டு. நாலு தடவை அமுக்கிய பிறகு வலி 5, வேலை 13 கட்டு. நிறுத்திய வாரமும் அதே 5, அதே 13. மீதி ஐந்து தடவைக்கான பணத்தை அண்ணன் போய்க் கேட்டான், தரவில்லை. இப்போது மைனி முதுகைச் சுவரில் சாய்த்து, சொளகுக்கு அடியில் தலையணை கொடுத்து உயர்த்திச் சுற்றுகிறார். அதற்கும் தனியாக ஒரு பக்கம் போட்டிருக்கிறோம், இன்றைக்கு நாலாவது நாள்.