மொடியூலுக்குள்ளேயே புரோகிராம் ஓடவிடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோட்டக் கிணற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கவோ, இறைப்பு மோட்டரைக் கைபேசியிலிருந்து நிறுத்தவோ கருவி செய்ய நினைக்கும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது: கைபேசி வலையமைப்போடு இணைக்கும், சிம் போடும் மொடியூலுக்குள்ளேயே ஒரு புரோசெசர் இருக்கிறதே, எங்கள் புரோகிராமையும் அதிலேயே ஓடவிட்டால் என்ன? தனி மைக்ரோகொன்ட்ரோலர் (கருவியை ஆளும் சிறு கணினிச் சிப்) எதற்கு?

ஓடவிடலாம். குவெக்டெல் மொடியூல்கள் பலவற்றில் இதற்கென்றே ஓபன்சிபியு (சி மொழியில் எழுத), குவெக்பைதன் (பைதனில் எழுத) என்ற வழிகள் இருக்கின்றன. நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்9160 என்ற மொடியூலில் நமது புரோகிராமுக்கு 64 மெகாஹேர்ட்ஸ் கோர்டெக்ஸ் எம்33 கோர், 1 மெகாபைற் பிளாஷ், 256 கிலோபைற் ரம் ஆகியவை ஒதுக்கப்பட்டுள்ளன. ஒரு சிப் குறையும், பலகை சிறுக்கும், பற்றரியும் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் முக்கியமான ஒன்றை இழக்கிறோம். மைக்ரோகொன்ட்ரோலர் தனியாக இருந்தால், மொடெம் (மொடியூலில் வலையமைப்போடு பேசும் பகுதி) உறைந்துபோனால் அதன் மின்சாரத்தை வெட்டித் திரும்பக் கொடுக்க வெளியே ஓர் ஆள் நிற்கிறது. இரண்டும் ஒன்றாகிவிட்டால் அந்த வெளியாள் இல்லை. புரோகிராம் சிக்கினால் மொடெமும் கூடவே போய்விடும். கோப்பாய்த் தோட்டமென்றால் சைக்கிளில் போய் ரீசெற் பண்ணலாம். நெடுந்தீவுக் கிணறென்றால் குறிகட்டுவானில் படகேற வேண்டும்.

ஆகவே முதல் தவறு, மொடியூலுக்குள் இருக்கும் வோச்டோக்கை (குறித்த நேரத்துக்குள் புரோகிராம் சைகை தராவிட்டால் ரீசெற் செய்யும் காவல் சுற்றை) மட்டும் நம்புவது. ஒரு சிறிய வெளி வோச்டோக் சிப்பைப் போடுங்கள். ரிபிஎல்5010 போன்றவை 7,200 செக்கன் வரை பொறுத்திருக்கும். எடுக்கும் மின்னோட்டம் நனோ அம்பியர் கணக்குத்தான். அது ரீசெற் பின்னை மட்டும் தொட்டால் போதாது. மொடியூலுக்குப் போகும் மின்சாரத்தையே ஒரு சுவிட்ச் வழியாக வெட்டும்படி இணைப்பதுதான் என் விருப்பம். ரீசெற்றுக்கும் அசையாமல் உறைந்து நிற்கும் நிலைகள் உண்டு.

வோச்டோக்கை எங்கிருந்து தட்டுகிறோம், அதாவது அந்தச் சைகையை எங்கிருந்து கொடுக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு ரைமர் இன்ரரப்டில் (குறித்த இடைவெளியில் தானாக ஓடும் துண்டில்) அந்த வரியை எழுதிவிடுவார்கள். முதன்மை வேலை எங்கோ செத்துக் கிடக்கும். ரைமர் மட்டும் ஒழுங்காகத் தட்டிக்கொண்டே இருக்கும். வோச்டோக்குக்கு எல்லாம் நலம். இதற்கு நேர்மாறாக, சேர்வரிலிருந்து பதில் வந்தால் மட்டுமே தட்டுவது என்று வைப்பவர்களும் இருக்கிறார்கள். சேர்வர் ஒரு இரவு நின்றால் களத்திலுள்ள அத்தனை கருவிகளும் விடியும்வரை ரீசெற் ஆகிக்கொண்டிருக்கும். இரண்டையும் பிரித்து வையுங்கள். புரோகிராமின் ஒவ்வொரு ராஸ்க்கும் (தனித்தனி வேலையும்) தான் உயிருடன் இருப்பதாக ஒரு கொடியை உயர்த்தட்டும். எல்லாக் கொடியும் உயர்ந்தால்தான் வோச்டோக்கைத் தட்ட வேண்டும். சேர்வரின் பதில் வந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதை வேறாக எண்ணுங்கள். முதலில் இணைப்பைப் புதுப்பிக்கலாம், பிறகு மொடெமை மட்டும் அணைத்துப் போடலாம், கடைசியில்தான் முழு மின்வெட்டு.

அடுத்தது கோல்பக், அதாவது ஏதாவது நடந்ததும் மொடியூல் தானே அழைக்கும் நமது புரோகிராம் துண்டு. பல மொடியூல்களில் நமது புரோகிராமும் வலையமைப்பு வேலையும் ஒரே புரோசெசரில்தான் ஓடுகின்றன. ‘டேற்றா வந்தது’ என்று அழைக்கும் கோல்பக்குக்குள்ளேயே ஒருவர் மொட்பஸ் (வயர் வழித் தொடர்பு முறை) சென்சரை வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்சர் வயர் கழன்றிருக்கிறது. பதிலுக்கு 3 செக்கன் காத்திருந்து, மூன்று முறை முயன்று பார்க்கிறது. அந்த 9 செக்கனும் மற்றச் செய்திகள் வரிசையில் தேங்கும். சிலவேளை தொலைந்தே போகும். கோல்பக்கின் வேலை வரிசையில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு உடனே திரும்புவது மட்டுமே. என்ஆர்எஃப்9160 இல் மொடெமுக்குத் தனிக் கோர் இருந்தாலும் இந்த ஒழுக்கம் வேண்டும்.

நெற்வேர்க் விடயத்தில் பொறுமையின்மை பெரிய தவறு. ‘60 செக்கனில் இணையாவிட்டால் ரீசெற்’ என்று எழுதியிருப்பதைக் கண்டிருக்கிறேன். முதன்முறை எல்லாப் பாண்டுகளையும் (அலைவரிசைகளையும்) தேடும்போது மொடெமுக்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். நீங்கள் இடையில் வெட்ட, அது முதலிலிருந்து தேட, முடிவே இராது. எல்ரிஈ (4ஜி) விதிப்படி ஐந்து முயற்சி தோற்றால் மொடெம் தானாகவே ஒதுங்கி நிற்கும். வலையமைப்பு வேறு சொல்லாவிட்டால் அந்த ஓய்வு 12 நிமிடம். அதை மதியுங்கள். கரண்ட் போய் வந்தால் ஊரிலுள்ள எல்லாக் கருவிகளும் ஒரே கணத்தில் எழும் என்பதையும் நினைவில் வைத்து, காத்திருக்கும் நேரத்தைத் தோல்விக்குத் தோல்வி இரட்டிப்பாக்குங்கள். கூடவே மொடியூலுக்கு மொடியூல் வேறுபடும் ஐஎம்ஈஐ எண்ணிலிருந்து எடுத்த சில செக்கன்களைச் சேர்த்தால் கருவிக்குக் கருவி நேரம் வேறுபடும்.

பிளாஷ் நினைவகத்துக்கு ஒரு கணக்குப் போதும். ஒரு செக்ரரை (ஒரே தடவையில் அழியும் பகுதியை) ஏறக்குறைய 100,000 தடவை அழித்து எழுதலாம் என்பது வழக்கமான அளவு. நிமிடத்துக்கு ஒருமுறை அதே செக்ரரை அழித்து எழுதினால் நாளுக்கு 1,440; 70 நாளில் எல்லை வந்துவிடும். அளவீடுகளை ரம்மில் சேர்த்து, மணிக்கு ஒருமுறை, இடம் மாற்றி மாற்றி எழுதுங்கள்.

தொலைவிலிருந்து அப்டேற் அனுப்புவதில் செய்யும் தவறுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. புதிய புரோகிராம் பழையதன் மேல் நேரே எழுதப்பட்டால், பாதியில் கரண்ட் போனால் எதுவும் மிஞ்சாது. இரண்டு இடம் வைத்துக்கொள்ளுங்கள். எம்சியூபூட் போன்ற பூட்லோடரில் (தொடக்கத்தில் எந்தப் புரோகிராமை ஓடவிடுவது என்று தீர்மானிக்கும் பகுதியில்) புதியதைச் சோதனையாக ஓடவிட்டு, பிறகு உறுதிப்படுத்தலாம்; உறுதியாகாவிட்டால் அடுத்த ரீசெற்றில் பழையது திரும்பும். பலர் அந்த உறுதிப்படுத்தும் வரியை புரோகிராமின் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். புரோகிராம் தொடங்குகிறது, தன்னைத் தானே சரியென்கிறது, பிறகு இணையவே முடியாமல் நிற்கிறது. பழையதுக்குத் திரும்பும் வழியும் மூடிவிட்டது. சேர்வரோடு பேசி, அடுத்த அப்டேற்றையும் இறக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் அந்த வரி ஓட வேண்டும். இன்னொன்று, ஓபன்சிபியு வகையில் எஸ்டிகே (புரோகிராம் எழுதத் தரும் கருவித்தொகுப்பு) பதிப்பும் மொடியூலின் அடிப்படை பேர்ம்வெயர் (அதில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள்) பதிப்பும் பொருந்த வேண்டும். புதிதாக வந்த மொடியூல் தட்டில் வேறு பேர்ம்வெயர் இருக்கலாம். பலகையில் ஒட்டமுன் பதிப்பைப் பாருங்கள்.

கடிகாரத்தை உடனே நம்பாதீர்கள். நேரம் கிடைக்கும்வரை சில மொடியூல்கள் 1980 ஜனவரி 6 என்று காட்டும். அது ஜிபிஎஸ் காலக்கணக்குத் தொடங்கிய நாள். அந்த நிலையில் பாதுகாப்பான இணைப்பைத் திறந்தால் சேர்வரின் சான்றிதழுக்குரிய செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று மறுக்கப்படும். உடனே சான்றிதழ்ச் சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள், நேரம் வரும்வரை காத்திருங்கள். வலையமைப்புத் தரும் நேர வலயம் கால் மணிக் கணக்கில் வரும். இலங்கைக்கு +22, அதாவது ஐந்தரை மணி. அதை 22 மணி என்று கூட்டிவிட்டால் தரவு அத்தனையும் நாள் மாறிக் கிடக்கும்.

மின்சாரப் பக்கம் சுருக்கமாக: பல 4ஜி மொடியூல்களின் பின்கள் 1.8 வோல்ற்றில் இயங்குபவை; அவற்றில் 3.3 வோல்ற் சென்சரை நேரே இணைக்கக்கூடாது. 2ஜியில் அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் 2 அம்பியர்வரை பாயலாம். வயர் மெல்லியதென்றால் வோல்ற் விழுந்து மொடியூல் அணையும், நீங்கள் புரோகிராமில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். மொடியூலில் யூஎஸ்பி பின்கள் இருந்தால் பலகையில் வெளியே எடுத்து வையுங்கள், லொக் (உள்ளே நடந்தவற்றின் பதிவு) பார்க்க உதவும்.

களத்துக்கு அனுப்பமுன் கருவியை மேசையில் வைத்துக் கெடுத்துப் பாருங்கள். அன்ரனாவைக் கழற்றி ஓர் இரவு விடுங்கள். ஓடும்போது சிம்மை இழுங்கள். அப்டேற் பாதி இறங்கியிருக்கையில் மின்சாரத்தை வெட்டுங்கள். சேர்வரை ஒரு நாள் முழுக்க நிறுத்திவிட்டு, திரும்பப் போட்டதும் கை வைக்காமலே அது தரவு அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பினால் மட்டும் படகில் ஏற்றுங்கள்.