மோர்மன் தடத்தில் காரில் பயணம் செய்வது எப்படி?

இல்லினாய் மாநிலத்தின் நாவூவிலிருந்து யூட்டாவின் சால்ட் லேக் சிட்டி வரை ஏறத்தாழ 1,300 மைல் நீளும் மோர்மன் தடத்தை, அதாவது மோர்மன் என்னும் சமயப் பிரிவினர் மேற்கே குடிபெயர்ந்து சென்ற வழியை, 1978-இல் அமெரிக்க அரசு தேசிய வரலாற்றுத் தடமாக அறிவித்தது. பயணத்திற்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில், நாவூவுக்கு அருகிலுள்ள கார்த்தேஜ் சிறைச்சாலையைப் பாருங்கள். 1844-இல் மோர்மன்களின் சமயத் தலைவர் ஜோசப் ஸ்மித்தை ஒரு வன்முறைக் கும்பல் சுட்டுக் கொன்றது இங்கேதான். பிறகு நாவூவின் பார்லி தெருவில் மிசிசிப்பி ஆற்றங்கரை வரை நடந்து செல்லுங்கள். 1846 பிப்ரவரி 4 அன்று அவரைப் பின்பற்றியோரின் முதல் வண்டிகள் ஆற்றைக் கடந்து மேற்கே புறப்பட்டன.

அடுத்து வரும் அயோவாவை ஒரே பகலில் கடந்துவிடத் தோன்றும். அப்படிச் செய்யாமல் இரண்டு நாட்களாவது ஒதுக்குங்கள். மழையிலும் சேற்றிலும் சிக்கிய முன்னணிக் குழுவினருக்கு இந்த 300 மைலைக் கடக்கவே நான்கு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. மறு ஆண்டு, ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் தலைமையில் சென்ற குழுவோ எஞ்சிய ஆயிரம் மைலை 111 நாட்களில் முடித்தது. அயோவாவின் கார்டன் குரோவிலும் மவுண்ட் பிஸ்காவிலும் முன்னணிக் குழுவினர் நிலத்தை உழுது, தமக்காக அன்றி, பின்னால் வருவோருக்காகப் பயிரிட்டுச் சென்றார்கள் என்பதை அறிந்து பார்த்தால் அந்த வெறும் புல்வெளியும் பேசும்.

ஒமாஹாவில், 1846-47 குளிர்காலத்தை அவர்கள் கழித்த இடத்திலுள்ள இடுகாட்டைப் பார்த்துவிட்டு, பிளாட் ஆற்றின் வடக்கே செல்லும் 30-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறுங்கள். மோர்மன்கள் பெரும்பாலும் வடகரையிலேயே சென்றார்கள். வழியில் காரின் தூரமானியை ஒருமுறை பாருங்கள்: யங்கின் குழுவில் சென்ற வில்லியம் கிளேட்டன் ஒரு மைலுக்கு 360 முறை சுழன்ற வண்டிச் சக்கரத்தை எண்ணி எண்ணிச் சலித்த பிறகே, மரப் பற்சக்கரங்களாலான தூரமானி ஒன்று அந்தப் பயணத்தில் உருவானது.

வயோமிங்கில் ஊர்களுக்கு இடையே தொலைவு அதிகம் என்பதால், காஸ்பரிலேயே எரிபொருளையும் குடிநீரையும் நிரப்பிக்கொள்ளுங்கள். மார்ட்டின்ஸ் கோவ் என்னும் இடத்தில் அரை நாள் தங்கலாம். 1856-இல் தாமதமாகக் கிளம்பிப் பனியில் சிக்கிய, பொருட்களைக் கைவண்டியில் இழுத்துச் சென்ற இரண்டு குழுக்களில் 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றுள் ஒரு குழு ஒதுங்கிய இடம் இது. இங்கே கைவண்டியை இழுத்துப் பார்க்கவும் ஏற்பாடு உண்டு.

சவுத் பாஸ், ஃபோர்ட் பிரிட்ஜர் ஆகியவற்றைக் கடந்தபின், 80-ஆம் எண் விரைவுச்சாலையிலேயே நகருக்குள் சென்றுவிடாதீர்கள். ஹெனிஃபருக்கு அருகே பிரியும் 65-ஆம் எண் மலைச்சாலை பிக் மவுண்டன் கணவாய் வழியாக எமிக்ரேஷன் பள்ளத்தாக்கை நோக்கி இறங்குகிறது. குளிர்காலத்தில் அச்சாலை மூடப்பட்டிருக்கும்.