மாடி அறைக்கு மின்கம்பி வழியே இணையம்

கீழே ஹாலில் ரூட்டர். நடுவில் கான்கிரீட் தளம் என்பதால் மாடி அறையில் வைஃபை ஒரு கோடுதான் காட்டும். கேபிள் இழுக்கச் சுவரைத் துளைக்க அம்மா விடவில்லை. சரி என்று பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டு மின்கம்பியிலேயே டேட்டாவை அனுப்பும் கருவி; ஒன்று ரூட்டர் பக்கம், மற்றது மாடியில். மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், டேட்டா சிக்னலுடையது 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல். அதனால் ஒரே கம்பியில் இரண்டும் ஓடும்.

முதல் நாள் வேகம் வெறும் 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்). அட்டையில் போட்டிருந்ததோ 600! (அது ஏட்டுக் கணக்கு, நம்பாதீர்கள்.) நான் அடாப்டரை ஸ்பைக் பஸ்டரில் (மின்னழுத்த ஏற்றத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி) செருகியிருந்தேன். மின் இரைச்சலோடு சிக்னலையும் அது சேர்த்தே வடிகட்டிவிட்டது. நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டியதும் 20.

அப்புறம்தான் உறைத்தது, எங்களுடையது த்ரீ ஃபேஸ் இணைப்பு, அதாவது மின்சாரம் மூன்று தனிக் கம்பிகளில் (ஃபேஸ்) வரும். மாடி வேறு ஃபேஸில் இருக்கிறது. ஒரு ஃபேஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது சிக்னல் தேய்ந்துவிடும். எலக்ட்ரீஷியன் அண்ணனை அழைத்து, மாடி அறையை ஹாலின் ஃபேஸுக்கு மாற்றச் சொன்னேன். “லோடு பாத்துக்கணும் தம்பி” என்று முணுமுணுத்தபடியே மாற்றிக் கொடுத்தார்.

இப்போது 70க்குக் குறைவதில்லை. பக்கத்து அறைக்கும் மூன்றாவதாக ஒன்று வாங்கி, இணைப்பதற்கான ‘Pair’ பட்டனை அமுக்கிச் சேர்த்துவிட்டேன். மிக்ஸி ஓடும்போது மட்டும் வேகம் தடுமாறும். சட்னி அரைத்து முடியும்வரை வீடியோ மீட்டிங் கிடையாது.