ஜிசி (கேஸ் குரோமட்டோகிராஃபி) கருவியின் கேபிலரி குழாயின் (column) முனையை வெட்டுவது

கலவையின் பொருட்களைப் பிரித்துக் காட்டும் ஜிசி வரைபடத்தில் பீக்குகளுக்கு (ஒவ்வொரு பொருளுக்கும் எழும் மேடுகளுக்கு) வால் முளைத்தால், அதாவது பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனால், உடனே புது கேபிலரி குழாய் வாங்க ஓடாதீர்கள். பெரும்பாலும் அழுக்கு சேர்வது இன்ஜெக்டர் (மாதிரியைச் செலுத்தும் இடம்) பக்கத்து முனையில்தான், அங்கே 10 முதல் 30 செ.மீ. வெட்டினாலே பல நேரம் சரியாகிவிடும்.

முதலில் ஓவனும் (குழாயைச் சூடாக்கும் அடுப்பு) இன்ஜெக்டரும் நன்றாக ஆறட்டும், அதுவரை கேரியர் வாயுவை (மாதிரியைக் குழாய் வழியே கொண்டுபோகும் வாயு) நிறுத்தாதீர்கள், ஏனென்றால் சூட்டில் ஆக்சிஜன் பட்டால் உள்பூச்சு கெட்டுவிடும். நட்டையும் ஃபெருலையும் (கசிவைத் தடுக்கும் சிறு வளையம்) குழாயில் கோர்த்த பிறகுதான் வெட்ட வேண்டும், இல்லையென்றால் ஃபெருலின் கிராஃபைட் துகள் குழாய்க்குள் போய்விடும். செராமிக் தகட்டால் லேசாக ஒரே ஒரு கீறல், அப்புறம் கீறலுக்கு எதிர்ப்பக்கமாக மெல்ல வளைத்தால் பட்டென்று உடையும். (கண்ணாடி அணியுங்கள், சில்லு தெறிக்கும்.) லென்ஸில் பாருங்கள்: விளிம்பு பல் பல்லாக இருந்தால் மறுபடி வெட்டுங்கள், இதில் சோம்பல் கூடாது.

கருவியின் கையேடு சொல்லும் ஆழத்தில் மாட்டி, நட்டைக் கையால் இறுக்கி, ஸ்பேனரால் கால் சுற்று. வாயுவை 15 நிமிடமாவது ஓடவிட்டுக் கசிவு பார்த்த பிறகே சூடேற்றுங்கள். மென்பொருளில் புது நீளத்தைப் போட மறக்காதீர்கள், ரிடென்ஷன் நேரமும் (ஒரு பொருள் குழாயைக் கடந்து வெளிவர ஆகும் நேரம்) கொஞ்சம் முன்னால் வரும்.