இரண்டும் கூடினால் மட்டும் நேர் மாறல் ஆகிவிடாது

நேர் மாறல் என்றால் என்ன என்று மாலை ட்யூஷனில் கேட்டால், பாதிப் பிள்ளைகள் "ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடும் சார்" என்பார்கள். அது மட்டும் போதாது; ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் எப்போதும் ஒரே எண் வர வேண்டும். இதைக் காட்ட உடனே பலகையில் ஆட்டோ கட்டணத்தை எழுதிவிடுவேன்.

சென்னைக்கு 2013-ல் அரசு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 5 கிலோமீட்டருக்கு 63.40 ஆகும். அப்போ 10 கிலோமீட்டருக்கு? "126.80" என்று சட்டென்று ஒரு குரல் வரும். போட்டுப் பார்த்தால் 123.40 தான். தூரம் இரண்டு மடங்கானது, கட்டணம் ஆகவில்லை. 1.8-ஐத் தாண்டிய பிறகு சமன்பாடு இப்படி வரும்: கட்டணம் = 12 × தூரம் + 3.40. வாலில் ஒட்டியிருக்கும் அந்த 3.40 தான் காரணம். கோடு நேராக இருக்கிறது, ஏறிக்கொண்டும் போகிறது, ஆனாலும் இது நேர் மாறல் இல்லை.

பக்கத்திலேயே பவுன் கணக்கை எழுதுவேன். கிராம் = 8 × பவுன். 1 பவுனுக்கு 8, 3-க்கு 24, 10-க்கு 80. எந்த ஜோடியை வகுத்தாலும் 8 தான் வரும், அதுதான் மாறிலி. நகைக்கடையில் சேதாரத்தைச் சதவீதமாகப் போட்டால் விலை இன்னும் எடைக்கு நேர் மாறல்தான், மாறிலி மட்டும் பெரிதாகும். ஆனால் ஹால்மார்க் கட்டணம் எடையைப் பார்க்காமல் ஒரு நகைக்கு இவ்வளவு என்று சேரும். அதோடு நேர் மாறல் போய்விட்டது.

அட்டவணை கொடுத்தால் எல்லா ஜோடிகளையும் வகுத்துப் பாருங்கள், ஒன்றோடு நிறுத்த வேண்டாம். ஆட்டோ கணக்கில் 5-க்கு 12.68, 10-க்கு 12.34 என்று வந்து மாட்டிக்கொள்ளும். வரைபடம் என்றால், நேர்க்கோடு ஆதிப்புள்ளி (0, 0) வழியாகப் போகிறதா என்று பார்த்தால் போதும்.

சமன்பாட்டில்தான் ஏமாறுவோம். முதலில் ஒய்-ஐத் தனியாக்குங்கள். 2ஒய் − 6எக்ஸ் = 0 என்பது ஒய் = 3எக்ஸ் ஆகும்; சரி, நேர் மாறல். 3எக்ஸ் + 4ஒய் = 12-ல் எக்ஸ்-க்குப் பூஜ்யம் போட்டால் ஒய் 3 வருகிறது; இல்லை. ஒய் = 3(எக்ஸ் + 2) − 6 என்பதைப் பார்த்ததும் பலர் 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். அடைப்பை நீக்குங்கள், +6-உம் −6-உம் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 3எக்ஸ்.

போன வாரம் ஒரு மாணவி ஒய் = −2எக்ஸ் என்பதை எதிர் மாறல் என்று எழுதியிருந்தாள். "எக்ஸ் ஏற ஏற ஒய் குறையுதே சார்" என்றாள். எதிர் மாறலில் பெருக்கினால்தான் ஒரே எண் வரும். இங்கே 1-க்கு −2, 2-க்கு −4, 5-க்கு −10. பெருக்கச் சொன்னேன்: −2, −8, −50. அப்புறம் வகுக்கச் சொன்னேன். மூன்று முறையும் −2 வந்தது. அவளே 'எதிர்' என்பதை அடித்துவிட்டு 'நேர்' என்று எழுதினாள்.